நம் எழுத்தையும் இசையையும் பிறர் எடுத்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினேன். பல வருடமாக ரியூசனில் பிள்ளைகளுக்குக் கொடுத்த வினாக்களைத் திரட்டி, இரவிரவாகக் கையால் எழுதி, யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தில் 500 பிரதி அடித்தேன். அடுத்த வருடம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில், வேறு பெயரும் வேறு அட்டையுமாக ஒரு புத்தகம். புரட்டிக்கொண்டு போகையில் 31ஆம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

24 மாம்பழங்களில் மூன்றில் ஒரு பங்கை விற்றால் மீதி எத்தனை? விடைகள் 8, 12, 14, 18. சரியான விடையான 16 அங்கே இல்லை. அது என் புத்தகத்தில் வந்த அச்சுப்பிழை! நான் எழுதிய 16ஐ அச்சகத்தில் 18 ஆக்கிவிட்டார்கள். அச்சடிக்க முன் திருத்தத் தரும் புறூவ் தாளைப் பார்த்தபோது எனக்கும் தப்பிவிட்டது. தானாகக் கணக்குச் செய்து பார்த்தவர் அந்த நாலு எண்களையும் அப்படியே எழுதியிருக்க மாட்டார்.

பதிவு செய்யவில்லையே என்ற பயத்தோடுதான் சட்டத்தரணியிடம் போனேன். பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை என்றார். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். ஆயுள் முழுக்கவும், இறந்தபின் 70 வருடமும் நிற்கும். பின்னக் கணக்கு யாருக்கும் சொந்தமில்லை, அதில் எவரும் புத்தகம் போடலாம். நான் அமைத்த வசனங்களும் அவற்றைத் தெரிந்து அடுக்கிய விதமும்தான் என்னுடையவை.

கையெழுத்துப் பிரதி, திகதி போட்ட அச்சகப் பற்றுச்சீட்டு, இரண்டு புத்தகங்களின் 31ஆம் பக்கமும். இவற்றின் போட்டோக்கொப்பியோடு கடிதம் போனது. மூன்று கிழமையில் கடைகளிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார்கள், ஒரு சிறு தொகையும் தந்தார்கள். ஆனால் ஒரு பருவம் முழுக்க என் உழைப்பு வேறொருவர் பெயரில் பிள்ளைகளின் கையில் இருந்தது. அந்த வலி இன்னும் போகவில்லை.

---

ரீச்சர், எனக்கு நடந்தது மறுபக்கம். எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டேன். நாதஸ்வரத்தில் வாசித்த தியாகராஜர் கீர்த்தனைக்கு ஒரு இசைக் கம்பனி உரிமை கோரியது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், கீர்த்தனை எல்லோருக்கும் பொது. கம்பனிக்கு உரிமை தன்னுடைய ஒலிப்பதிவில் மட்டும்தான். ஆட்சேபித்தேன். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். நாலாம் கிழமையில் விட்டுவிட்டார்கள். தண்ணீர்ப்பந்தல் ஸ்பீக்கரில் கேட்ட சினிமாப் பாட்டுக்கும் கோரிக்கை வந்தது. அது நியாயம், அந்தத் துண்டை வெட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. வாசித்த கலைஞருக்கும் அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது, அவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கே போய்க் கேட்டேன். "என்ர பேரையும் தவில்காரற்ற பேரையும் போடு தம்பி, அது காணும்" என்றார். இப்போது ஒவ்வொரு வீடியோவிலும் முதல் வரியில் மேளகாரர்களின் பெயர்தான்.

---

எங்கள் இசைக்குழுவிலிருந்து பிரிந்து போனவர் எங்கள் பெயரிலேயே கலியாண வீடுகளுக்கு முற்பணம் வாங்குகிறார். பெயருக்குப் பதிப்புரிமை கிடையாதாம், வர்த்தகக் குறியாகக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டுமாம். 14 வருடமாக நாங்கள் பதியவில்லை. பழைய நோட்டீசுகள் உதவுமா ரீச்சர்?

---

உதவும் தம்பி, ஒன்றையும் எறிய வேண்டாம். பதியாத பெயர் என்றாலும், சனங்களைக் குழப்பித் தொழில் செய்வதை அதே சட்டத்தின் 160ஆம் பிரிவு நியாயமற்ற போட்டி என்கிறது. நோட்டீசு, முற்பணச் சீட்டு எல்லாவற்றையும் திகதிப்படி அடுக்கிச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். பதிவுக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒருமுறை பதிந்தால் 10 வருடம், பிறகு புதுப்பிக்கலாம்.

என் இரண்டாம் பதிப்பில் 16 என்று திருத்திவிட்டேன். 18 உள்ள பழைய பிரதியும் அந்தப் புறூவ் தாளும் ஒரே உறையில், அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன.