அனியூரிசம் மொடல்: ரெண்டு வெளிவாயிலயும் அமுக்கம் பூச்சியம் வைக்கலாமா?

ஒலுவில்_பொறியியல்
இறுதியாண்டு ப்ரொஜெக்ட். உட்கரோட்டிட் நாடி நடுமூளை நாடியாகவும் முன்மூளை நாடியாகவும் பிரியிற இடத்துல ஒரு அனியூரிசம் (நாடிச் சுவர் பலூன் மாதிரி வீங்கினது). சி.டி. படம் மட்டும்தான் இருக்கு, டொப்ளர் அளவு இல்ல. உள்வாய் விட்டம் 4.5 மி.மீ., நடு நாடி 2.7, முன் நாடி 2.1. ரத்த ஓட்டத்தை ஓப்பன்ஃபோம் எண்ட பாய்மக் கணிப்பு மென்பொருள்ல ஓட்டுறன், விறைப்பான சுவர். ரெண்டு வெளிவாயிலயும் p = 0 வைச்சா ரத்தத்துல பாதிக்கு மேல சின்ன நாடிக்குள்ள போகுது. மெஷ் (கணிப்பு வலை) பிழையா?

மட்டுநகர்_பாய்மம்
மெஷ்ஷை விடுங்க தம்பி. நடு நாடியை எவ்வளவு நீளம் விட்டு வெட்டினீங்க, முன் நாடியை எவ்வளவு?

ஒலுவில்_பொறியியல்
30 மி.மீ., 8 மி.மீ. அண்ணன். படத்துல அவ்வளவுதான் தெளிவா இருந்தது.

மட்டுநகர்_பாய்மம்
அங்கதான் விசயம். நீங்க வெட்டின 30 மி.மீ. துண்டின்ட தடை ஏறக்குறைய 8×10⁷ Pa·s/m³. அதுக்கு அங்கால மூளைக்குள்ள இருக்கிற சிறுநாடிகளின்ட தடை 5×10⁹ அளவில, அறுபது மடங்கு. வட்டைக்குள்ள எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணி எண்டத மடைதான் தீர்மானிக்கும், வாய்க்கால் நீளம் இல்ல. ரெண்டு பக்கமும் p = 0 எண்டா மடையே இல்லாத கணக்கு; கத்தி வைச்ச இடம் பங்கு பிரிக்குது.

விட்டத்தின் வர்க்கத்தால பிரிச்சா 62:38, கனத்தால (மரேயின் விதி) பிரிச்சா 68:32. இந்த அளவு நாடிகளுக்கு நான் வர்க்கத்தைத்தான் எடுப்பன். முன் நாடியில ஒவ்வொரு நேரப்படியிலும் உள்வாய்ப் பாய்ச்சலின் 38% வெளியேறுற மாதிரி வேகத்தைக் கொடுங்க, நடு நாடியில p = 0. ரெண்டு வாயையும் விட்டத்தின் பத்து மடங்கு நேராக நீட்டுங்க, இல்லாட்டி இதயம் தளர்ற நேரத்துல பின்னோட்டம் வந்து கணக்கு வெடிக்கும்.

கல்முனை_கணிப்பு
விண்ட்கெசல் (அங்கால உள்ள நாடிகளின்ட தடையையும் நெகிழ்வையும் சேர்க்கிற வெளிவாய் மொடல்) வைக்கலையா எண்டு பரீட்சகர் கட்டாயம் கேட்பார். விறைப்பான சுவர்ல அமுக்கத்தின் மட்டம் ஓட்டத்தை மாத்தாது, வித்தியாசம் மட்டும்தான் மாத்தும். சுவர்த் தகைப்பு (ரத்தம் சுவரை உரசுறதால வாற தகைப்பு) மட்டும்தான் வேணுமெண்டா மேல சொன்னதே போதும். சுவர் நெகிழுற மொடலுக்குப் போனாத்தான் விண்ட்கெசல் தேவை. அப்ப தொடக்க அமுக்கத்தை 93 mmHg வைங்க. பூச்சியத்துல தொடங்கினா அமுக்கம் மேலேறி நிலைக்கவே பல துடிப்பு போயிடும்.

உள்வாய்க்கு சராசரி 4 மி.லீ./செக்கன், அதாவது 0.25 மீ./செக்கன். இது பொதுவான பெறுமானம், உங்கட நோயாளியின்டது இல்ல. அதனால 25% கூட்டியும் குறைச்சும் ஓட்டி, தகைப்பு எவ்வளவு ஆடுது எண்டு அறிக்கையில காட்டுங்க. வேகப் பரம்பல் தட்டையா, வோமர்ஸ்லியா (துடிப்போட்டத்துக்கான பரம்பல்) எண்டு மண்டைய உடைக்க வேணாம். கரோட்டிட் வளைவுகளை வெட்டாம உள்ளுக்கு எடுத்தா சுழலை அதுவே உண்டாக்கும்.

மட்டுநகர்_பாய்மம்
இன்னொண்டு. ஓப்பன்ஃபோமின்ட அமுக்க முடியாத பாய்மத்துக்கான தீர்வியில p எண்டது அடர்த்தியால வகுத்தது. சுவர்த் தகைப்பும் அப்படித்தான். ரெண்டையும் ரத்தத்தின்ட அடர்த்தி 1060ஆல பெருக்காம வரைபு போட்டா 1.5 Pa வர வேண்டிய இடத்துல 0.0014 நிக்கும். எஸ்டிஎல் பைல் (நாடியின்ட முப்பரிமாண வடிவம்) மி.மீ.யில இருக்கும், 0.001ஆல சுருக்கினீங்களா எண்டும் பாருங்க. மூணு துடிப்பு ஓட்டி கடைசித் துடிப்பை மட்டும் எடுங்க.