புதுப்பிப்பு: தரவுச் செயலாக்க ஒப்பந்தத்தைப் பார்க்க எந்த வகை வக்கீல் நிறுவனம்?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஐரோப்பிய வாடிக்கையாளர் கேட்ட தரவுச் செயலாக்க ஒப்பந்தத்தை (அவர்களுடைய தரவை நாங்கள் எப்படிக் கையாள்வோம் என்று சொல்லும் ஒப்பந்தம்) வழக்கமான கம்பெனி வக்கீலே பார்த்தால் போதுமா, தரவுப் பாதுகாப்புக்கென்றே இருக்கும் நிறுவனம் வேண்டுமா?

இரண்டாவதுதான் சரி. ஆனால் உண்மையில் வேலையைச் சுருக்கியது, "முதல் சந்திப்புக்கு முன்னாலேயே ஒரு பக்கத் தரவு அட்டவணை அனுப்புங்கள்" என்ற யோசனை. என்ன தரவு, யாருடையது, எந்த சர்வர், எந்த நாடு, யார் தொடுகிறார்கள், எப்போது அழிகிறது: ஆறே நெடுவரிசை. அதைப் பார்த்ததுமே தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தார் மொத்தத் தொகையாகக் கட்டணம் சொன்னார்கள்; அட்டவணை இல்லாமல் கேட்ட இடங்களில் மணிக்கணக்குதான்.

எங்கள் ஒப்பந்த வரைவில் அவர்கள் கண்டுபிடித்த தவறுகள் இரண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் உள்ள எங்கள் கிளை, செயலாக்குநர்; அதாவது வாடிக்கையாளர் சார்பில் தரவைக் கையாள்பவர். தரவு போவது வெளிநாட்டுத் துணைச் செயலாக்குநருக்கு, அதாவது அந்த வேலையில் ஒரு பகுதியைச் செய்து தரும் இன்னொருவருக்கு. அதற்கு 2021 நிலையான ஒப்பந்த விதிகளில் (ஐரோப்பாவுக்கு வெளியே தரவு அனுப்ப ஐரோப்பிய ஆணையம் தந்த மாதிரி விதிகள்) மூன்றாம் தொகுதி வேண்டும்; அது செயலாக்குநரிடமிருந்து செயலாக்குநருக்கு. வரைவில் இருந்தது இரண்டாம் தொகுதி; அது கட்டுப்பாட்டாளரிடமிருந்து (தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்பவர், இங்கே வாடிக்கையாளர்) செயலாக்குநருக்கு.

அடுத்தது, "கசிவு நடந்தால் வாடிக்கையாளருக்கு 72 மணி நேரத்தில் தெரிவிப்போம்" என்ற வரி. ஜிடிபிஆர் (ஐரோப்பிய ஒன்றியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) 33ஆம் பிரிவில் அந்த 72 மணி நேரம், கட்டுப்பாட்டாளர் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டிய கெடு. செயலாக்குநருக்கு மணிக்கணக்கே கிடையாது, 'தேவையற்ற தாமதமின்றி' மட்டும்தான். வாடிக்கையாளருக்கு அவகாசம் இருக்கட்டும் என்று 24 மணி நேரமாக மாற்றினோம்.

எதிர்பாராத ஒன்று: அதிக நேரம் தின்றது சட்டம் அல்ல, அந்த விதிகளின் இணைப்பு 2, அதாவது பாதுகாப்பு நடவடிக்கைகளை எழுதும் பகுதி. "தகுந்த பாதுகாப்பு உண்டு" என்று பொதுவாக எழுதியதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குறியாக்கம், அணுகல் உரிமை, பேக்கப் மீட்புச் சோதனை எல்லாவற்றையும் சர்வர் பார்ப்பவர்தான் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது.