மணப்பாட்டிலிருந்து ஒமேகா சென்டாரி தெரியுமா?

உடன்குடிக்காரன்: என்னிடம் 10x50 பைனாகுலர் மட்டும்தான். மே மாதம் மணப்பாடு கடற்கரையில் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்தைப் பிடிக்க முடியுமா? எங்கே தேடுவது?

தென்வானம்: தாராளமாக. அங்கிருந்து அது உச்சத்தில் 34 டிகிரி உயரம் வரும். சித்திரை நட்சத்திரம் நேர் தெற்கே வரும்போது (மே நடுவில் இரவு பத்து மணிவாக்கில்) அங்கிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குங்கள், 36 டிகிரி. மங்கிய பஞ்சுத் துணுக்கு போல ஒன்று தெரியும். அதுதான். 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள்! எனக்கு வானத்தில் இதைவிடப் பிடித்த கொத்து கிடையாது. கடைக்கண்ணால் பாருங்கள், இன்னும் பெரிதாக விரியும். 8 அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால் விடாதீர்கள், தனித்தனி விண்மீன்களாகப் பிரியும்.

காவல்கிணறு: நிலா இல்லாத இரவாகப் பாருங்க தம்பி. ஏப்ரலிலேயே போனால் கரீனா நெபுலாவும் (வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம்) கிடைக்கும். 22 டிகிரிதான் ஏறும், கடல் மூட்டம் கொஞ்சம் தின்றுவிடும்.

உடன்குடிக்காரன்: நன்றி அண்ணா. சென்டாரஸ் ஏ கேலக்ஸி தெரியுமா?

தென்வானம்: ஒமேகாவிலிருந்து நாலரை டிகிரி வடக்கே, ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள் இரண்டும் வரும். நல்ல இருட்டு வேண்டும்.