திருநெல்வேலிக்கே அல்வாவா?

(குடும்ப வாட்ஸ்அப் குழு, பாளையங்கோட்டை)

அண்ணன்: நாளைக் காலை நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறேன். இங்கே ஆபீஸ் பக்கத்தில் ஒரு கடையில் கோதுமை அல்வா நன்றாக இருந்தது. ஆச்சிக்கு அரைக் கிலோ வாங்கியிருக்கிறேன்.

சித்தி: ஏல, திருநெல்வேலிக்கே அல்வாவா!

மாமா: தாமிரபரணித் தண்ணீரில் கிண்டின அல்வா இங்கே இருக்க, மெட்ராஸிலிருந்தா மாப்பிள்ளை?

நான்: பெரியப்பா, இதேபோல இங்கிலீஷில் ஒன்று மாதிரித் தேர்வில் வந்தது. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்'. நான் 'கஷ்டமான வேலை' என்று எழுதினேன். தப்பு போட்டுவிட்டார்கள். நிலக்கரியைச் சுமப்பது கஷ்டம்தானே?

பெரியப்பா: சுமை அங்கே விஷயமே இல்லை அம்மா, ஊர்தான் விஷயம். நியூகாசில் இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையில் இருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சுரங்கம். பல நூறு வருஷம் அங்கிருந்துதான் கப்பல் கப்பலாக லண்டனுக்குக் கரி போனது. கடல் வழியாக வந்ததால் லண்டன்காரர்கள் அதைக் 'கடல் கரி' என்றே சொன்னார்கள். கரி புறப்படுகிற ஊருக்கே ஒருவன் கரி ஏற்றிப் போனால் யார் வாங்குவார்? 1662-இல் வந்த தாமஸ் ஃபுல்லரின் புத்தகத்திலேயே இந்தப் பழமொழிக்குத் தேவையில்லாத வேலை என்று விளக்கம் இருக்கிறது.

நான்: அப்போது வீண் வேலை எல்லாவற்றுக்கும் இதைச் சொல்லலாமா?

பெரியப்பா: கூடாது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதும் வீண்தான், அதற்கு இது பொருந்தாது. கொண்டு போகிற இடத்தில் அந்தப் பொருள் ஏற்கெனவே கொட்டிக் கிடக்க வேண்டும். பத்தமடைக்குப் பாய் கொண்டு போனால் சொல்லலாம்.

மாமா: கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய்.

சித்தி: உடன்குடிக்குக் கருப்பட்டி.

நான்: ஆச்சிக்குச் சொதி வைக்கச் சொல்லிக்கொடுத்தால்?

பெரியப்பா: நல்ல கேள்வி. அது வேறு. தெரிந்தவருக்கே பாடம் எடுப்பதற்கு அவர்கள் 'பாட்டிக்கு முட்டை உறிஞ்சக் கற்றுக்கொடுப்பது' என்பார்கள். இரண்டையும் குழப்பிவிடாதே.

சித்தி: தமிழில் கேட்டால் 'திருநெல்வேலிக்கே அல்வா' என்று எழுதட்டுமே. அச்சாக அதுதானே?

பெரியப்பா: எனக்கும் அதை எழுதத்தான் ஆசை, நம்ம ஊர்ப் பேச்சு. ஆனால் 'அல்வா கொடுத்துவிட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான் என்றாகிவிட்டது. அதனால் வெளியூரில் பல பேர் 'திருநெல்வேலிக்கே அல்வாவா' என்று சொல்வது, 'என்னையே ஏமாற்றப் பார்க்கிறாயா' என்ற பொருளில். நியூகாசில் கரியில் ஏமாற்று கிடையாது. தேர்வில் 'கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல' என்று எழுது. அதுதான் பக்கத்தில் வரும்.

மாமா: அத்தான், ஊசிக்காரன் விற்கப் போகிறான். நம்ம மாப்பிள்ளை ஆசையாக வாங்கி வருகிறான். ரெண்டும் ஒன்றா?

பெரியப்பா: இல்லைதான். ஆனால் நியூகாசில் கரி அன்பளிப்புக்கும் வரும். வீடு நிறையப் புத்தகம் வைத்திருப்பவருக்குப் புத்தகம் பரிசு கொடுக்கும்போது, கொடுப்பவரே கூச்சத்தோடு இதைச் சொல்வதுண்டு.

அண்ணன்: நியூகாசிலில் இன்னும் கரி எடுக்கிறார்களா பெரியப்பா?

பெரியப்பா: இல்லை. அந்த வட்டாரத்தின் கடைசி ஆழ்சுரங்கத்தை 2005-இல் மூடிவிட்டார்கள். பேச்சில் மட்டும் கரி இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ஆச்சி: எய்யா, பிள்ளை வாங்கினதை யாரும் குறை சொல்ல வேண்டாம். கொண்டு வா, நான் சாப்பிடுவேன்.

நான்: சரி, வாக்கியம் எழுதிவிட்டேன் பெரியப்பா. 'பிரிங்கிங் அல்வா டு திருநெல்வேலி இஸ் லைக் கேரியிங் கோல் டு நியூகாசில்.'

பெரியப்பா: 'கோல்ஸ்'. அந்த 'ஸ்' விட்டுப்போகக் கூடாது.