ஈஸ்டர் குண்டுகளைத் தடுக்கச் சட்டமா இல்லாமல் இருந்தது?

கல்லடிவாவி:
பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துவிட்டால் இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புப் போல இன்னொன்று வரும் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு அது விளங்கவில்லை. விசாரணை இல்லாமல் ஒருவரை மாதக்கணக்கில் அடைத்து வைக்க விடுகிற அந்தச் சட்டம் 1979இல் இருந்து இருக்கிறது. அன்று காலையும் இருந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்ற பிள்ளைகளை அது காப்பாற்றவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்துவிட்டது. குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரானின் பெயரும் அதில் இருந்தது, தேவாலயங்கள் என்றும் இருந்தது. 17 நாள் கையில் இருந்தது.

கொச்சிக்கடை:
தம்பி, அந்தோனியார் கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் என் வீடு. சத்தம் கேட்டு ஓடினேன். ஒரு பிள்ளையின் வெள்ளைச் சப்பாத்து, ஒன்றே ஒன்று, ரோட்டோரம் கிடந்தது. வார் பூட்டியபடி. அதைப் பார்த்தவனிடம் சட்டத்தைத் தளர்த்து என்று சொல்லாதீர்கள். அந்தச் சஹ்ரான் வருடக்கணக்காக வீடியோவில் பகிரங்கமாக வெறுப்பைக் கக்கினான். அப்போதே தூக்கி உள்ளே போட்டிருந்தால் 260க்கு மேற்பட்ட சனம் இன்று இருக்கும். எனக்கு இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்.

காத்தான்குடியான்:
காக்கா, அவனை உள்ளே போடுங்கள் என்று முதலில் கேட்டதே எங்கள் ஊர்தான். 2017 மார்ச்சில் அலியார் சந்தியில் சூபி முஸ்லிம்களின் கூட்டத்தை அவன் ஆட்கள் வாளோடு வந்து தாக்கினார்கள். ஊர் முறையிட்டது, ஊர்வலமும் போனது. அவன் தலைமறைவானான், பிடியாணை இருந்தது. பிடிக்கத்தான் ஆள் இல்லை.

குண்டு வெடித்த பிறகு பொலிஸ் யாரைப் பிடித்தது தெரியுமா? ஹசலகவில் ஒரு பெண்ணை. அவர் உடுப்பில் இருந்தது கப்பல் சுக்கான் படம். அதைப் பௌத்தர்களின் தர்மச்சக்கரம் என்று சொல்லி விளக்கமறியலில் வைத்தார்கள். அதே மே மாதம் மினுவாங்கொடையில் கூட்டமாக வந்து முஸ்லிம் கடைகளைக் கொளுத்தினார்கள். அது வெறுப்புக் குற்றம் இல்லையா?

கொச்சிக்கடை:
அது குற்றம்தான், மறுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு நடந்ததும் அநியாயம். ஆனால் பொலிஸ்காரர் பிழை விட்டதற்காகச் சட்டமே வேண்டாம் என்றால், அடுத்த சஹ்ரானை எதை வைத்துப் பிடிப்பது? ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் சஹ்ரானின் மிச்ச ஆட்கள் வீடெடுத்து ஒளிந்திருந்தார்கள். படை போகாவிட்டால் இன்னும் எத்தனை இடத்தில் வெடித்திருக்கும்?

காத்தான்குடியான்:
படை தானாகப் போகவில்லை. அந்த வீட்டில் சந்தேகப்படும்படி ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொலிசுக்குச் சொன்னது ஊர்ச்சனம். முஸ்லிம்கள். நீங்கள் கேட்கிற கடுமையான சட்டம் வந்தால் நாளைக்குச் சொல்ல யார் முன்வருவார்கள்? சொன்னவனையே கூட்டிப்போய் மாதக்கணக்கில் வைத்திருப்பார்களோ என்ற பயம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது.

கல்லடிவாவி:
அண்ணன், எங்கள் பக்கத்தில் நடந்ததையும் கேளுங்கள். 2018 நவம்பர் 30, வவுணதீவுக் காவலரணில் இரண்டு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார்கள். மாவீரர் நாள் முடிந்து மூன்று நாள். உடனே முன்னாள் புலிப் போராளிதான் என்று முடிவு கட்டி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். ஏப்ரலுக்குப் பிறகுதான் அது சஹ்ரானின் ஆட்கள் செய்த வேலை என்று தெரிந்தது, அந்த மனிதரும் வெளியே வந்தார். உள்ளே போடச் சட்டம் இருந்ததால், உண்மையில் யார் என்று தேட வேண்டிய தேவை அவர்களுக்கு வரவில்லை. அந்தக் கொலைகளை அன்றே ஒழுங்காகத் துருவியிருந்தால் சஹ்ரானிடம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்றுதான் நான் நம்புகிறேன். தவறான ஆளை அடைத்து வைத்தது தமிழனுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை, அதற்கான விலையை உங்கள் கோயிலும் கொடுத்தது.

கொச்சிக்கடை:
வவுணதீவுக் கதையை நான் இப்படி யோசித்ததில்லை. சரி. ஆனாலும் கண்காணிப்பு வேண்டாம் என்பதற்கு நான் வரமாட்டேன். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் குண்டு வெடித்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரியை 100 மில்லியன் ரூபாயும், பொலிஸ் மா அதிபராக இருந்த பூஜித் ஜயசுந்தரவையும் அரச புலனாய்வுத் தலைவராக இருந்த நிலந்த ஜயவர்தனவையும் தலைக்கு 75 மில்லியனும் கட்டச் சொன்னது. நட்டஈடுதான். எச்சரிக்கை கையில் கிடைத்தும் சும்மா இருப்பவனை மறியலுக்கு அனுப்ப ஒரு சட்டம் போடட்டும். அதற்கு இரண்டு கையையும் தூக்குவேன்.

கல்லடிவாவி:
அதற்கு நானும் கை தூக்குகிறேன். விசாரணை இல்லாமல் ஒருவனை மாதக்கணக்கில் வைத்திருக்கிற பிரிவுக்குத்தான் தூக்கமாட்டேன்.

கொச்சிக்கடை:
அதில் நாங்கள் ஒத்துப்போகப் போவதில்லை. காத்தான்குடித் தம்பி, நீங்கள் சொன்ன முறைப்பாடு எழுத்தில் ஏதும் இருக்கிறதா?

காத்தான்குடியான்:
வாப்பா கையெழுத்துப் போட்டதில் ஒரு பிரதி வீட்டில் இருக்கிறது. பெற்றுக்கொண்டோம் என்று முத்திரையும் குத்தித் தந்திருக்கிறார்கள். பதில் மட்டும் இன்றுவரை வரவில்லை.