அண்ணனுக்கு இதயத்தில் அப்லேஷன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாம்பன். அண்ணனுக்கு 38 வயது, விசைப்படகில் போகிறவர். வலை இழுக்கும்போது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஒருமுறை நாடித்துடிப்பு 190. மதுரையில் ஈசிஜி பார்த்து எஸ்விடி, அதாவது இதயம் திடீரென்று மிக வேகமாகத் துடிக்கும் கோளாறு என்றார்கள். அதற்குத்தான் அப்லேஷன்: தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, தவறான மின்பாதையைச் சூடு வைத்து அடைப்பார்களாம். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை என்றதும்தான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள். எத்தனை நாளில் பாரம் தூக்கினீர்கள்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செலவு முழுதும் அடங்கியதா? அண்ணன் ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. நடுக்கடலில் மயங்கி விழுந்தால் கரை சேரவே மணிக்கணக்காகும். நீங்கள் யாராவது இப்படித் தள்ளிப்போட்டீர்களா?