இயாகோவின் வன்மத்துக்கு உண்மையான காரணம் எது?

முதுகலை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகம் இந்தப் பருவத்தில் எங்களுக்குப் பாடமாக உள்ளது. வெனிஸின் படைத்தலைவன் ஒதெல்லோ, தன்னிடம் கொடிதாங்கியாக இருக்கும் இயாகோவின் பேச்சை நம்பி, தன் மனைவி டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு உண்டென்று சந்தேகித்து அவளைக் கொன்றுவிடும் கதை அது. இயாகோவின் பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். தனக்குக் கிடைக்க வேண்டிய துணைத்தளபதிப் பதவியை, போர்க்களமே காணாத காசியோவுக்கு ஒதெல்லோ கொடுத்துவிட்டான் என்ற ஆத்திரமே அவனைத் தூண்டியது என்று வகுப்பில் சொன்னார்கள். முதற்காட்சியில் அவனே அப்படித்தான் சொல்கிறான். ஆனால் ஒரு பதவி கைநழுவியதற்காக ஒருவன் இத்தனை பேரைச் சாகடிப்பானா என்று எனக்கு ஐயமாக இருக்கிறது. பல போர்களைக் கண்ட ஒதெல்லோ ஒரே காட்சியில், கண்ணால் கண்ட சான்று எதுவும் இல்லாமல், மனைவியைச் சந்தேகிக்கத் தொடங்குவதும் நம்பும்படியாக இல்லை. ஊன்றிப் படித்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

நூலகத்து மூலை:

உங்கள் ஐயம் நியாயமானதே. பதவிக் குறையை இயாகோ யாரிடம் சொல்கிறான் என்பதை முதலில் கவனியுங்கள். டெஸ்டிமோனாவை அடைந்துவிடலாம் என்ற ஆசையில் தன் பணப்பையை அவனிடம் திறந்து வைத்திருக்கும் ரோடரிகோவிடம் சொல்கிறான். தானும் ஒதெல்லோவை வெறுப்பவன்தான் என்று அந்த ஏமாளியை நம்பவைக்கும் தேவை அப்போது அவனுக்கு இருக்கிறது. தனித்திருக்கையில் காசியோவின் பதவியைப் பறிக்கும் எண்ணத்தையும் சொல்கிறானே தவிர, அங்கே முன்னுக்கு வருவது வேறொன்று. தன் மனைவி எமிலியாவுடன் ஒதெல்லோவுக்குத் தொடர்பு இருந்ததாக ஊரில் பேச்சு உண்டு என்கிறான். அது மெய்யா பொய்யா என்று தனக்குத் தெரியாது, ஆனாலும் வெறும் சந்தேகத்தையே உறுதியாகக் கொண்டு செயல்படப்போவதாகவும் சொல்கிறான். அடுத்த தனிமொழியில் காசியோவின் மீதும் அதே சந்தேகம், போதாக்குறைக்குத் தனக்கும் டெஸ்டிமோனாவின் மீது விருப்பம் உண்டு என்ற பேச்சு. ஐந்தாம் அங்கத்தில், காசியோவின் வாழ்வில் அன்றாடம் தெரியும் அழகு தன்னை அருவருப்பானவனாகக் காட்டுகிறது என்கிறான். என் பார்வையில் நாடகம் முழுவதிலும் அவன் ஒளிவுமறைவின்றிப் பேசும் இடம் அது ஒன்றுதான்.

இப்படிக் காரணங்கள் மாறிக்கொண்டே போவதால்தான், காரணமற்ற வன்மம் ஒன்று தனக்குக் காரணம் தேடி அலைகிறது என்ற பொருளில் ஆங்கிலக் கவிஞரும் திறனாய்வாளருமான கோல்ரிட்ஜ் எழுதினார். அது பாதி உண்மைதான் என்பேன். பதவிதான் குறி என்றால் கதை மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியிலேயே முடிந்திருக்க வேண்டும். அந்தக் காட்சியின் இறுதியில், இனி நீதான் என் துணைத்தளபதி என்று ஒதெல்லோ சொல்லிவிடுகிறான். கேட்டது கைக்கு வந்த பிறகும் இயாகோ நிற்கவில்லை.

ஒப்பனை அறை:

உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஒதெல்லோ எப்படி வீழ்கிறான் என்பதற்கு, மேடையில் ஒத்திகை பார்க்கும்போதுதான் விடை கிடைக்கும். இயாகோ அந்தக் காட்சியில் தொடக்கத்தில் எதையுமே குற்றமாகச் சொல்வதில்லை. டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டுக் காசியோ விலகிப் போவதைப் பார்த்து, ‘இது எனக்குப் பிடிக்கவில்லை’ என்று தனக்குத்தானே சொல்வதுபோல் முணுமுணுக்கிறான். என்ன சொன்னாய் என்று ஒதெல்லோ கேட்டால், ஒன்றுமில்லை என்கிறான். என் மனைவியிடமிருந்து போனவன் காசியோதானே என்றால், காசியோவா, அவன் குற்றவாளியைப் போல இப்படி நழுவிப் போவானா, எனக்கு நம்பிக்கையில்லை என்கிறான். குற்றவாளி என்ற சொல் இப்படித்தான் அவைக்கு வருகிறது, அதுவும் காசியோவுக்காகப் பரிந்து பேசும் வாக்கியத்துக்குள்.

அதன் பிறகு ஒதெல்லோ சொல்லும் சொல்லையே அவன் திருப்பிச் சொல்கிறான். நேர்மையானவன் இல்லையா என்றால், நேர்மையா என்கிறான். என்ன நினைக்கிறாய் என்றால், நினைப்பதா என்கிறான். தன் சொற்களே எதிரொலிக்கின்றன என்று ஒதெல்லோ கத்தும் அளவுக்கு இது போகிறது. நடிகர்கள் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திச் சதிகாரனைப் போலப் பேசினால் காட்சி படுத்துவிடும். சொல்ல மனமில்லாத நண்பனாகப் பேசினால்தான் ஒதெல்லோ அவனை விடாமல் குடைவது இயல்பாகத் தோன்றும். சந்தேகத்தை இயாகோ அவன்மேல் திணிப்பதில்லை, அவனையே கெஞ்சிக் கேட்க வைக்கிறான்.

இன்னொன்று, அவன் பயன்படுத்துவதில் பெரும்பகுதி உண்மை. காசியோ நழுவிப் போனது உண்மை, ஏனென்றால் குடித்துவிட்டுச் சண்டையிட்டுப் பதவி இழந்த வெட்கம் அவனுக்கு. அவனைக் குடிக்க வைத்ததும், டெஸ்டிமோனாவிடம் போய்ப் பரிந்துரை கேள் என்று அனுப்பியதும் இயாகோதான். அவள் தன் தந்தையை ஏமாற்றித்தானே உன்னை மணந்தாள் என்று நினைவூட்டுகிறானே, அதை அவள் தந்தை பிராபன்ஷியோ வெனிஸின் அவையிலேயே ஒதெல்லோவின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறார். அன்று ஒதெல்லோ அதைப் பொருட்படுத்தவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

இயாகோவுக்கு ஒதெல்லோவைவிட அதிக வரிகள் உண்டு என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள். 1956-இல் லண்டனின் ஓல்டு விக் அரங்கில் ரிச்சர்ட் பர்ட்டனும் ஜான் நெவிலும் இந்த இரு வேடங்களையும் மாற்றி மாற்றி நடித்தார்கள்.

பழைய வாசகர்:

முன்னவர்கள் இருவரும் தொடாத ஓர் இடத்தைச் சொல்கிறேன். நான்காம் அங்கத்தின் இரண்டாம் காட்சியில், கணவன் தன்னை வேசி என்று ஏசியதால் டெஸ்டிமோனா நிலைகுலைந்திருக்கிறாள். ஏதோ ஒரு பதவியைப் பெறுவதற்காக எவனோ ஒரு கயவன் இந்தப் பழியைக் கட்டியிருக்க வேண்டும் என்று எமிலியா கொதிக்கிறாள். அந்தக் கயவன் பக்கத்திலேயே நிற்கிறான். அப்படியொரு மனிதன் இருக்க முடியாது என்கிறான், மெதுவாகப் பேசு என்று அவளை அடக்கவும் பார்க்கிறான். அவளோ விடாமல், இதைப் போன்ற ஒருவன்தான் முன்பு உன் புத்தியையும் கெடுத்து, என்னையும் ஒதெல்லோவையும் சேர்த்துச் சந்தேகிக்க வைத்தான் என்று அவனிடமே சொல்கிறாள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு தனிமொழிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். யாரோ ஒருவன் காதில் ஓதியதால் வந்த நோய் இயாகோவுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அது உள்ளிருந்து அரிப்பதாக அவனே சொல்கிறான். ஒதெல்லோவிடம் பொறாமையைப் பச்சைக் கண் கொண்ட பிசாசு என்று அவன் எச்சரிக்கும்போது வெறும் பாசாங்கு செய்யவில்லை, பட்டவன் பேசுகிறான். சான்று வேண்டியதில்லை, குறிப்புகளே போதும் என்பது அவன் தன்மீதே சோதித்து அறிந்த பாடம். ஆகவே கோல்ரிட்ஜின் முடிவை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. காரணம் இருக்கிறது, ஆனால் அது அவன் செய்யும் கேட்டின் அளவுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியருக்கு மூலமான சின்தியோவின் இத்தாலியக் கதையில் (1565) இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே இயாகோவின் இடத்தில் வரும் கொடிதாங்கிக்கு நாயகியின் மீது ஆசை, அவள் இணங்காததால் வஞ்சம். 1887-இல் வெர்டியின் இசை நாடகத்துக்கு உரை எழுதிய போய்ட்டோவும், கொடிய கடவுள் ஒருவரைத் தான் நம்புவதாக இயாகோவைப் பாடவைத்துக் காரணத்தைத் தெளிவாக்கிவிட்டார். இசை அபாரம்தான், ஆனால் அந்த இயாகோவிடம் எனக்கு அச்சம் தோன்றுவதில்லை.

முதுகலை மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. எமிலியாவின் அந்தப் பேச்சை மையமாக வைத்து எழுதலாம் என்று நினைக்கிறேன். ஒன்றே ஒன்று இன்னும் உறுத்துகிறது. டெஸ்டிமோனாவுக்கு ஒதெல்லோ பரிசளித்த கைக்குட்டையைத்தான் இயாகோ அவளுக்கு எதிரான பொய்ச் சான்றாக ஆக்குகிறான். அதை எடுத்துக் கணவனிடம் கொடுத்தவள் எமிலியாதான். அது எங்கே போயிற்று என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது, தெரியாது என்று ஏன் பொய் சொல்கிறாள்?

நூலகத்து மூலை:

கணவனின் பிரியத்தைப் பெறுவதற்காகச் செய்த சிறு திருட்டு என்றே அவள் அதை எண்ணியிருந்தாள். அதை எதற்காகக் கேட்கிறான் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பிறகு ஒதெல்லோ கைக்குட்டைக்காகச் சீறுவதை நேரில் பார்த்த பின்னும் அவள் வாய் திறக்காததை அச்சம் என்றும் கொள்ளலாம், கணவனுக்குக் கட்டுப்பட்ட பழக்கம் என்றும் கொள்ளலாம். நாடகம் அதை விளக்கவில்லை. ஆனால் இறுதிக் காட்சியில், வீட்டுக்குப் போ என்று இயாகோ கட்டளையிடும்போது அவள் போக மறுத்து, கைக்குட்டையைப் பற்றி எல்லோர் முன்னிலும் உடைத்துச் சொல்கிறாள். காதல் என்பது வெறும் உடல் வேட்கை என்று ரோடரிகோவுக்குப் பாடம் நடத்தியவன், இறந்துபோன எசமானிக்காக ஒருத்தி தன் உயிரைப் பணயம் வைப்பாள் என்று கணக்கிட்டிருக்கவே இல்லை. கட்டுரையில் இந்த இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்து எழுதுங்கள்.